திரும்பி வரும் வயிற்றுக் கட்டி: முதல் ஆபரேஷனே முழு ஆபரேஷனாக இருக்கட்டும்!

"சாப்பாடு பாதியா குறைஞ்சு போச்சுங்க ஐயா. ஆனா தொந்தி மட்டும் ஏறிக்கிட்டே போகுது. உடம்பு இளைக்க ஏதாவது சூரணம் குடுங்களேன்!"

ஆரோவில்லைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூனிமேடு, அனுமந்தை தாண்டி மரக்காணம் உப்பளம் வரையிலிருந்தும் என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் தொந்திதான். தினமும் நடையும், ராத்திரிச் சாப்பாட்டில் கட்டுப்பாடும் போதும்.

ஆனால் அந்தப் பேச்சுக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருக்கிறது, கவனித்தீர்களா? சாப்பாடு குறைந்தால் வயிறும் அல்லவா குறைய வேண்டும்? கை, கால், கன்னமெல்லாம் வற்றி, வயிறு மட்டும் முன்னே தள்ளுகிறது என்றால், அதைக் கேலி பேசிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. உள்ளே வேறு ஏதோ இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அது பலவாக இருக்கலாம். நீர் கோத்த பெருவயிறு, கர்ப்பப்பைக் கட்டி, சினைப்பை நீர்க்கட்டி, மண்ணீரல் வீக்கம்... இவற்றோடு, அபூர்வமாக வருகிற, ஒருமுறை ஆபரேஷன் செய்தாலும் திரும்பி வரக்கூடிய ஒரு புற்றுநோய் ரகமும் உண்டு. அதன் பெயர் சார்க்கோமா. கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய் போன்ற மென்திசுக்களில் பிறக்கும் புற்று அது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சித்த வைத்தியருக்கு இங்கே என்ன வேலை?

நியாயமான கேள்வி. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன், சூரணமும் தைலமும் எழுதிக் கொடுக்கிறவன், ஆபரேஷனைப் பற்றி ஏன் எழுத வேண்டும்?

காரணம் இருக்கிறது. 1968-ல் ஆரோவில் உருவானதிலிருந்து இயற்கை உணவு, மாற்று வைத்தியம், அமைதியான வாழ்க்கை என்று தேடி இந்தப் பக்கம் வருகிறவர்கள் அதிகம். அவர்களில் சிலர் கையில் ஸ்கேன் ஃபைலோடு வருவார்கள். "ஒருதடவை கத்தி வெச்சாச்சு ஐயா. திரும்ப வந்துடுச்சு. இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். மருந்திலேயே கரைச்சுக் குடுங்க" என்று கேட்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்லும் பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். வயிற்றுச் சார்க்கோமாவைக் கஷாயம் குடித்துக் கரைக்க முடியாது. பஸ்பம் கரைக்காது, செந்தூரம் கரைக்காது, பட்டினியும் கரைக்காது. 'புற்றுநோயைக் குணமாக்குகிறோம்' என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி யாராவது நோட்டீஸ் கொடுத்தால், அந்த நோட்டீஸைப் பார்த்தே நீங்கள் உஷாராகிவிடலாம்.

சித்த மருத்துவம் கத்திக்கு விரோதி என்று நினைப்பதும் தப்பு. நம் முன்னோர் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்தார்கள். அந்தப் புறமருந்துகளின் வரிசையில் கீறலும் அறுவையும் இருக்கின்றன. மருந்துக்கு அடங்காததை அறுத்து எடு என்பது நம் மரபு சொன்னதுதான். எனவே இந்த நோய்க்கு அறுவையைச் சிபாரிசு செய்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பின்கட்டில் குடியேறும் நோய்

பழைய காலத்துக் கட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு பகுதி. நம் வயிறும் அப்படித்தான். இரைப்பை, குடல் எல்லாம் முன்கட்டில் ஒரு மெல்லிய உறைக்குள் கிடக்கின்றன. அந்த உறைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் இருப்பது பின்கட்டு. சிறுநீரகங்கள், மகாதமனி, மகாசிரை, இடுப்புத் தசைகள், இவற்றைச் சுற்றி நிறையக் கொழுப்பு. இந்த இடத்தில் வரும் புற்றைத்தான் 'ரெட்ரோபெரிடோனியல் சார்க்கோமா' என்கிறார்கள்.

பின்கட்டில் ஒரு ஆள் வந்து தங்கினால் முன்கட்டில் இருப்பவர்களுக்குச் சட்டென்று தெரியுமா? தெரியாது. இங்கே அதுதான் சிக்கல். இடம் தாராளம், கட்டி சத்தமில்லாமல் வளரும். வலி இருக்காது. ஒரு தேங்காய் அளவு, சில சமயம் பூசணிக்காய் அளவு வளர்ந்த பிறகுதான் பலருக்குத் தெரியவே வருகிறது.

இந்த அறிகுறிகளை மனதில் வையுங்கள்:

* உடம்பு இளைத்து, வயிறு மட்டும் பெருப்பது. குறிப்பாக ஒரு பக்கமாகத் தள்ளுவது.
* இரண்டு இட்லி சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு.
* ஒரு கால் மட்டும் வீங்குவது, தொடை மரத்துப் போவது.
* நடுத்தர வயதுக்கு மேல் ஆண்களுக்குப் புதிதாக விரைப்பகுதியில் நரம்பு புடைப்பது, அல்லது குடலிறக்கம் போல வீக்கம் தெரிவது.
* படுத்த நிலையில் வயிற்றைத் தொட்டால் அசையாத ஒரு கனம் தட்டுப்படுவது.

இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே புற்றுநோய் என்று பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசுச் சார்க்கோமா எல்லாம் சேர்த்தே சுமார் 1 சதவிகிதம்தான். அதிலும் பின்வயிற்றில் வருவது இன்னும் சிறிய பங்கு. ஆனால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் 'குடல் தட்டுகிறேன்' என்று வயிற்றை அமுக்கிப் பிசையவோ, பேதி மருந்து சாப்பிடவோ கூடாது.

"நாளைக்கே எடுத்துடலாம்!"

மரக்காணம் பக்கம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த ஒருவர், ஐம்பது சொச்சம் வயது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்பதுதான் அவருடைய புகார். இடது பக்கம் கை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி ஒரு கனம். ஸ்கேனுக்கு அனுப்பினேன். பின்வயிற்றில் பெரிய கொழுப்புக் கட்டி என்று ரிப்போர்ட் வந்தது.

முதலில் பார்த்த ஒரு டாக்டர், "கொழுப்புக் கட்டிதானே, நாளைக்கே எடுத்துடலாம்" என்றாராம். மகனுக்கும் அவசரம். பணம் கட்டப் போகும்போது அந்த அம்மா மட்டும் என்னிடம் வந்து கேட்டார்: "கத்தி வெச்சா பரவிடும்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்களே, நெஜமா ஐயா?"

ஊரார் சொல்கிற அந்தப் பேச்சில் பாதி பொய், பாதி உண்மை. முறையாகச் செய்த ஆபரேஷனால் புற்று பரவாது. ஆனால் சார்க்கோமாவை உள்ளேயே உடைத்து, துண்டு துண்டாக எடுத்தால் செல்கள் வயிற்றுக்குள் சிதறும். பிறகு ஒரு கட்டி இருந்த இடத்தில் பத்துக் கட்டி முளைக்கலாம். பயப்பட வேண்டியது அரைகுறையாக வைக்கிற கத்திக்கு மட்டும்தான்.

தோட்டத்தில் கோரைப்புல் பிடுங்கியவர்களுக்கு இது உடனே புரியும். மேலே தெரியும் புல்லை இழுத்தால் கையோடு வரும். கிழங்கு மண்ணிலேயே நிற்கும். அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும். கோரையை ஒழிக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும்.

சார்க்கோமா ஆபரேஷனும் அதேதான். கட்டியின் மேல் பளபளப்பாக ஒரு உறை இருக்கும். அதைப் பார்த்து, 'இதோடு முடிந்தது' என்று உரித்து எடுத்தால் ஏமாற்றம்தான். உண்மையான எல்லை அது இல்லை. கட்டியின் வேர்கள் உறையைத் தாண்டி இருக்கும். அதிலும் கொழுப்பில் பிறக்கும் லைப்போசார்க்கோமாவுக்கும் பக்கத்தில் இருக்கும் நல்ல கொழுப்புக்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

அதனால்தான் இத்தாலியின் மிலான் நகரிலும் பிரான்ஸிலும் உள்ள அறுவை நிபுணர்கள் 2009-ல் ஒரு முறையைப் பற்றி எழுதினார்கள். கட்டியை உடைக்காமல், அதை ஒட்டியுள்ள பெருங்குடல் பகுதி, அந்தப் பக்கத்துச் சிறுநீரகம், அடியிலுள்ள தசை ஆகியவற்றோடு ஒரே பொட்டலமாக எடுப்பது. இதனால் கட்டி அதே இடத்தில் திரும்புவது குறைகிறது என்று காட்டினார்கள். எல்லோருக்கும் எல்லா உறுப்பையும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியின் ரகத்தையும் இடத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள். ஆனால் 'முழுசாக, உடைக்காமல்' என்பதில் இப்போது இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம்

மேஸ்திரியின் குடும்பத்துக்கு நான் சொன்னது இதுதான்: "இது பல மாசமா, ஏன், வருஷமாக்கூட வளர்ந்த கட்டி. ரத்தம் கசிஞ்சாலோ, குடல் அடைச்சாலோ ராத்திரியோட ராத்திரியா ஓடணும். இல்லைன்னா இரண்டு வாரம் எடுத்துக்கிட்டுச் சரியான இடத்துக்குப் போறதுல நஷ்டம் இல்லை."

அந்த இரண்டு வாரத்தில் என்ன நடக்க வேண்டும்?

முதலாவது, நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்து நல்ல சி.டி. ஸ்கேன். சார்க்கோமா பரவினால் பல சமயம் நுரையீரலுக்குத்தான் போகும்.

இரண்டாவது, பயாப்ஸி. முதுகு அல்லது விலாப் பக்கமாக, ஸ்கேன் பார்த்துக்கொண்டே, சற்றுத் தடித்த ஊசியால் திசுவின் சிறு குச்சி எடுப்பார்கள். "ஊசி குத்தினா பரவாதா?" என்பீர்கள். இந்த முறையில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. மெல்லிய ஊசியில் செல்களை மட்டும் உறிஞ்சிப் பார்ப்பது இதற்குப் போதாது. வயிற்றைத் திறந்து ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பதோ நல்லதே அல்ல. பயாப்ஸி ஏன் அவசியம்? நிணநீர்க் கட்டியாக இருந்தால் ஆபரேஷனே வேண்டியிருக்காது, மருந்திலேயே சரியாகும்.

மூன்றாவது, ஒரு டாக்டர் மட்டும் முடிவெடுக்காமல் அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், புற்றுநோய் மருந்து நிபுணர், திசுப் பரிசோதகர், ஸ்கேன் நிபுணர் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிற 'ட்யூமர் போர்டு'.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது தூரத்துச் சமாசாரம் இல்லை. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஸ்தாபனம்; புற்று அறுவைக்குத் தனிப் பிரிவே உண்டு. சென்னையில், தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. மும்பையில் 1941-ல் தொடங்கிய டாட்டா மெமோரியல்.

"ஆபரேஷனுக்கு முன்னால கரண்ட் வைக்கணுமா?" என்று கேட்பார்கள். 266 பேரை வைத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கும், நேராக ஆபரேஷன் செய்தவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. லைப்போசார்க்கோமாவில் மட்டும் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்ற குறிப்பு கிடைத்தது. எனவே கதிர்வீச்சு எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. ஆளைப் பொறுத்து முடிவெடுப்பார்கள். பிரதான சிகிச்சை ஆபரேஷன்தான்.

மேஸ்திரிக்கு லைப்போசார்க்கோமா என்று பயாப்ஸி சொன்னது. இடது சிறுநீரகம், பெருங்குடலில் ஒரு பகுதி ஆகியவற்றோடு கட்டியை முழுசாக எடுத்தார்கள்.

அப்புறமும் ஏன் திரும்பி வருகிறது?

இங்கேதான் குடும்பங்கள் நொறுங்கிப்போகின்றன. "இவ்வளவு பெரிய ஆபரேஷன் செஞ்சும் வந்துடுச்சே!" என்று. யார் மேல் குற்றம் சொல்வது என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

பின்கட்டின் அமைப்பு அப்படி. ஒரு பக்கம் மகாதமனி, ஒரு பக்கம் முதுகெலும்பு. மார்பில் வந்த கட்டியைச் சுற்றி இரண்டு விரற்கடை நல்ல சதையோடு எடுப்பது போல இங்கே எல்லாப் பக்கமும் எடுக்க முடியாது. எவ்வளவு திறமையான கையாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் தங்கிவிடலாம்.

உண்மை நிலவரத்தை எண்களில் சொல்கிறேன். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள 8 சிறப்பு மையங்களில் முதல் ஆபரேஷன் செய்துகொண்ட 1007 பேரின் கணக்கு 2016-ல் வெளியானது. 5 வருடத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 67 பேர். 10 வருடத்தில் 46 பேர். அதே இடத்தில் கட்டி திரும்பியது 5 வருடத்துக்குள் 100-க்கு சுமார் 26 பேருக்கு. 10 வருடத்துக்குள் சுமார் 35 பேருக்கு.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, நல்ல கையில் முதல் ஆபரேஷன் நடந்தால் பெரும்பாலானவர்களுக்கு அதே இடத்தில் திரும்புவதில்லை. இரண்டு, 5 வருடம் தாண்டிவிட்டது என்று 'டாட்டா' காட்டிவிட முடியாது. அதற்குப் பிறகும் வரும். முதல் இரண்டு மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருதரம், 5 வருடம் வரை 6 மாதத்துக்கு ஒருதரம், அதன் பின் வருடத்துக்கு ஒருதரம் ஸ்கேன் என்பது பொதுவான கணக்கு. ரத்தப் பரிசோதனையில் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. 'ரத்த டெஸ்ட் நார்மல்' என்று ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்.

திரும்பினால்... மூன்று கேள்விகள்

மேஸ்திரிக்கு நான்காவது வருடத்து ஸ்கேனில் எலுமிச்சை அளவு ஒன்று தெரிந்தது. 'உடனே எடுங்க' என்றான் மகன். 'இனிமே கத்தியே வேண்டாம்' என்றார் அம்மா. டாக்டர்கள் சொன்னது இரண்டும் இல்லை: "மூன்று மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுப்போம்."

சும்மா இருப்பதும் ஒரு சிகிச்சையா என்று அந்தக் குடும்பத்துக்குக் கோபம். ஆனால் அதில் காரணம் இருந்தது. திரும்பி வந்த கட்டி விஷயத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்க வேண்டும்.

எவ்வளவு வேகம்? நியூயார்க் நகரின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை நிபுணர்கள் 2009-ல் லைப்போசார்க்கோமாவுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். திரும்பி வந்த கட்டி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக வளர்ந்தால், மறு ஆபரேஷனால் நல்ல பலன் கிடைக்கிறது. அதைவிட வேகமாக வளர்ந்தால், கத்தியால் மட்டும் பலன் குறைவு. மருந்து சிகிச்சையை முதலில் யோசிக்க வேண்டும். இரண்டு ஸ்கேன் இருந்தால்தானே வேகம் தெரியும்? அந்த மூன்று மாதக் காத்திருப்பு அதற்குத்தான்.

என்ன ரகம்? மெதுவாக வளரும் ரகமா, வீரிய ரகமா? சாதுவாக இருந்த லைப்போசார்க்கோமா, திரும்பும்போது வீரியமாகவும் வரலாம். அதனால் மறுபடி பயாப்ஸி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

எங்கே, எத்தனை? ஒன்றே ஒன்று, எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் ஆபரேஷன். வயிறு முழுக்கச் சிதறியிருந்தால் அறுத்துக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் குடல்கள் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது முந்தியதைவிடக் கடினம். இப்போது நடந்தால் அடுத்த வருடம் என்ன ஆகும் என்றும் யோசித்தே கத்தி எடுக்க வேண்டும்.

மேஸ்திரியின் கட்டி நிதானமாகத்தான் வளர்ந்தது. ஒன்றே ஒன்றுதான். எடுத்தார்கள். இப்போது உப்பளத்து வேலையை விட்டுவிட்டு வீட்டு வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போகிறார். 'முழுக் குணம்' என்று நான் எழுத மாட்டேன். ஆனால் பேத்தியின் காதுகுத்துக்கு அவர் பந்தியில் நின்று பரிமாறியதைப் பார்த்தேன்.

கத்தியே வேண்டாத இரண்டு உறவினர்கள்

எல்லா வயிற்றுக் கட்டியும் ஒரே ரகம் இல்லை என்பதற்கு இரண்டு உதாரணம்.

ஒன்று, இரைப்பை அல்லது குடல் சுவரில் பிறக்கும் 'ஜிஸ்ட்' கட்டி. இதற்கும் எடுக்க முடிந்தால் ஆபரேஷன்தான். ஆனால் பெரிதாக இருந்தாலோ, பரவியிருந்தாலோ, திரும்பினாலோ 'இமாட்டினிப்' என்ற மாத்திரை உண்டு. 2002 முதல் அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு அனுமதி பெற்ற மருந்து. இதன் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-ல் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று கம்பெனியின் மனு தள்ளுபடியானது. இந்தியக் கம்பெனிகள் அந்த மாத்திரையைக் குறைந்த விலையில் கொடுக்க வழி நிலைத்தது.

இன்னொன்று 'டெஸ்மாய்டு'. பிரசவம் கண்ட இளம் பெண்களுக்கு வயிற்றுச் சுவரில் வருவதுண்டு. இது பரவாது; ஆனால் அறுத்தால் அங்கேயே திரும்பும் குணம் உண்டு. இப்போது பல டெஸ்மாய்டுகளை அறுக்காமல் ஸ்கேனில் கண்காணிக்கிறார்கள். சில தானாகவே சுருங்கியும் விடுகின்றன.

பெயர் தெரியாமல் கத்தியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்பது இதனால்தான்.

சிறுநீரகத்தைக் காப்பாற்றுங்கள்

பின்வயிற்று ஆபரேஷனில் ஒரு சிறுநீரகம் போவது சகஜம். மற்றது நன்றாக இருந்தால் கவலை இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டே நிம்மதியாக வாழலாம். ஆனால் மற்றது ஏற்கெனவே பழுதாகியிருந்தால்?

எங்கள் கரைக்காரர்களுக்கு இது முக்கியம். உப்பளத்தில் கொதிக்கும் வெயிலில், தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வேலை பார்ப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வே காட்டியிருக்கிறது. மாடி வீட்டில் ஃபேனுக்கு அடியில் இருப்பவர்களுக்கோ சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதே வேலையைச் செய்கின்றன. ஆபரேஷனுக்கு முன் கிரியாட்டினின் பரிசோதனையும், தேவையென்றால் ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேனும் செய்வார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் இடுப்பு வலி, முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி விழுங்கவே கூடாது.

சித்த மருத்துவம் எங்கே உதவும்?

முதலில் எங்கே உதவாது என்று சொல்லிவிடுகிறேன். சாப்பிடும் எல்லாச் சூரணம், லேகியம், பஸ்பத்தின் பெயரையும் எழுதி அறுவை நிபுணரிடம் கொடுங்கள். மறைக்காதீர்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பூண்டு மருந்தை அளவுக்கு மீறி எடுத்தால் ரத்தம் உறைவது தாமதமாகலாம். உலோகம் கலந்த மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை. டாக்டர் சொல்லும் நாளிலிருந்து நிறுத்திவிடுங்கள்.

உதவும் இடம் உணவும் பராமரிப்பும். ஆபரேஷனுக்கு முன் உடம்பைத் தேற்ற வேண்டும். பட்டினி போடக் கூடாது. முட்டை, மீன், பாசிப்பயறு, பால் என்று புரதம் சேருங்கள். மீனுக்கு எங்கள் கரையில் பஞ்சமில்லை! பீடி, சிகரெட் அன்றே நிற்கட்டும். தினமும் நடையும் மூச்சுப் பயிற்சியும் நல்லது.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் அனுமதித்ததும் நொய்க் கஞ்சி, நீர்மோர், குழைந்த சாதம், இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக. குடலில் ஒரு பகுதி போனவர்களுக்குச் சில வாரம் பேதி இருக்கலாம். காரமும் எண்ணெயும் குறையுங்கள். இடுப்புத் தசையோ நரம்போ எடுக்கப்பட்டிருந்தால் மாடிப்படி ஏறக் கால் ஒத்துழைக்காது, பிசியோதெரபி அவசியம். தைலம் தடவுவது காலுக்குச் சுகம் தரும். ஆனால் வயிற்றின் மேல் யாரும் கை வைத்துத் தேய்க்கக் கூடாது.

டாக்டரிடம் கேளுங்கள்

கூச்சப்படாமல் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போய்க் கேட்க வேண்டியவை:

1. பயாப்ஸி ரிப்போர்ட்டில் என்ன ரகம், என்ன வீரியம் என்று வந்திருக்கிறது?
2. ட்யூமர் போர்டில் பேசினீர்களா?
3. இந்த மாதிரி ஆபரேஷன் நீங்கள் அடிக்கடி செய்வதுண்டா?
4. கட்டியோடு எந்த உறுப்பெல்லாம் எடுக்க வேண்டி வரலாம்?
5. உடைக்காமல் முழுசாக எடுக்க முடியுமா? முடியாது என்றால் வேறு என்ன வழி?
6. அடுத்த ஸ்கேன் எப்போது?

மூன்றாவது கேள்விக்கு நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவு விஷயம்: வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழி உண்டு. சேரப்போகும் மருத்துவமனையில் உங்கள் அட்டை செல்லுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சொந்தமாகப் பாலிசி வைத்திருப்பவர்கள் முதல் ஆபரேஷனின் ரிப்போர்ட், ஸ்கேன் பிலிம், திசுக் கட்டை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கட்டி திரும்பினால் அடுத்த டாக்டருக்கு இவைதான் வழிகாட்டி.

வீட்டில் யாருக்காவது கை கால் இளைத்து, வயிறு மட்டும் பெருக்கிறதா? சூரணம் கேட்டு என்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள். தொந்தி என்றால் உங்களுக்கு நடையும் சூரணமும் நான் தருகிறேன். கட்டி என்றால் கோரிமேட்டுக்கு எந்த பஸ் ஏறுவது என்று சொல்லி அனுப்புகிறேன். அதுவும் வைத்தியம்தான்!